வீதி நடுவே ஆறாயிரம் பேர்

ஒக்டோபர், வெள்ளிக்கிழமை மாலை. லண்டனிலிருந்து ஏறிய விமானம் மொன்றியலில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. கூட வந்தவள் என் மருமகள் ஷிவோன். அயர்லாந்துக்காரி. மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கோ ஓய்வூதியக்காரனுக்குரிய நேரம் கிடந்தது. அதனால் துணைக்கு நான் புறப்பட்டேன்.

டோர்வல் விமான நிலைய வாசலில் என் பெரியம்மாவின் மகன் சிவநேசன் அண்ணை காருடன் நின்றார். லாசாலில் இருக்கும் அவருடைய வீட்டுக்குப் பத்து கிலோமீற்றர்கூட இல்லை. அந்தத் தூரத்துக்குள் நாங்கள் வந்த காரியத்தைச் சொல்லி முடித்துவிட்டேன்.

ஷிவோனின் தந்தைவழி மூதாதை ஒருவர், டோனல் என்று பெயர். 1847 பஞ்சத்தில் உருளைக்கிழங்கு அழுகி ஊரே பட்டினி கிடந்தபோது, அவருடைய தாயும் தகப்பனும் சிறிய தங்கை பிரிஜிட்டுடன் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். டோனலுக்குக் கப்பல் கூலி போதவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனை உறவுக்காரர் வீட்டில் விட்டு, போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லிப் போனார்கள். பிறகு ஒரு சொல்கூட வரவில்லை. டோனல் கிழவராகிச் சாகும்வரை அவர்களைத் திட்டினாராம். அந்தக் குடும்பத்தில் அதன்பின் ஒரு பெண்ணுக்கும் பிரிஜிட் என்று பெயர் வைக்கவில்லை. ஷிவோனின் தகப்பன்கூட, “கனடாவில் எங்களை மறந்துவிட்டு எவ்வளவு நன்றாக வாழ்ந்தார்கள் என்று பார்த்து வா” என்று சொல்லித்தான் மகளை அனுப்பினார்.

எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பும் மரபணுச் சோதனையில் மொன்றியலில் ஓர் உறவு அகப்பட்டிருந்தது. மடலென், எழுபத்தொன்பது வயது. பிரெஞ்சு மட்டும்தான் பேசுவார்.

சனிக்கிழமை காலை பத்து மணி. சிவநேசன் அண்ணை கார் ஓட்டினார். குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்யும் அவருடைய மகள் தர்ஷினி மொழிபெயர்க்க வந்தாள். லாசாலிலிருந்து கிழக்கே, ஆற்றோரமாகப் பழைய தொழிற்சாலைகளைத் தாண்டி, புவான்-சென்-ஷார்ல் என்ற பகுதிக்குப் போனோம். செங்கல் வீடுகள், மாடிக்கு ஏற வெளியே வளைந்த இரும்புப் படிகள்.

மடலென் கதவைத் திறந்து ஷிவோனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் எல்லோருக்கும் கோப்பி ஊற்றினார். பேச்சு மெதுவாகத் தொடங்கியது. பிரிஜிட் தன் அம்மாவின் பாட்டி என்றார். கப்பலில் பரவிய காய்ச்சலோடு இந்த ஊரில் இறக்கப்பட்டவர்களை ஆற்றங்கரையில் கொட்டகை போட்டு அடைத்து வைத்தார்களாம். தகப்பன் முதலில் செத்தார். அதே கோடையில் தாயும். ஆறு வயதுப் பிள்ளையை ஒரு பிரெஞ்சுக் குடும்பம் எடுத்து வளர்த்தது. அவளுக்கு அவர்களுடைய பாஷை தெரியாது. தன் ஊரின் பெயரை யாருக்கும் விளங்கும்படி சொல்லவும் தெரியவில்லை. பிறகு சொந்தப் பாஷையே மறந்துபோயிற்று.

ஷிவோன் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அதே கோடையிலா என்று மட்டும் கேட்டாள்.

மடலென் தலையசைத்தார். பிறகு தாங்கள் வெகுகாலமாக யாரிடமாவது கேட்க நினைத்த கேள்வி ஒன்று இருக்கிறது என்றார். பிரிஜிட் தன் மூத்த மகனுக்கு டோனல் என்று பெயர் வைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பையனுக்காவது அந்தப் பெயர் வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மடலெனின் மாமா டோனல், தம்பி டோனல், இப்போது பேரனும் டோனல். “யார் அந்த டோனல்? எங்களில் ஒருவருக்கும் தெரியாது.”

தர்ஷினி அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கவும் ஷிவோனின் முகம் வெளுத்தது. பின்பு, அவர் பிரிஜிட்டின் அண்ணன், என் குடும்பத்தின் மூதாதை, சாகும்வரை உங்கள் பிரிஜிட்டைத் திட்டினார் என்று சொன்னாள்.

தர்ஷினி என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்: “இதையும் நான் சொல்லவேணுமே, சித்தப்பா? மனுசிக்கு வயசு போயிட்டுது.”

நான் ஷிவோனைப் பார்த்தேன். ஷிவோனுக்குக் கேள்வி விளங்கியிருக்க வேண்டும். சொல்லு என்றாள்.

தர்ஷினி சொன்னாள். மடலென் கேட்டுவிட்டு இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, “பாவம், அந்தப் பையனுக்கு யாரும் சொல்லவில்லையா?” என்றார். பிறகு எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். பிரிஜிட்டின் தாயும் தகப்பனும் இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன் என்றார்.

கல்லறைத் தோட்டம் ஒன்றுக்குப் போகிறோம் என்றே நான் நினைத்தேன். ஷிவோன் வழியில் வெள்ளைப் பூங்கொத்து ஒன்று வாங்கினாள். ஐந்து நிமிடத்தில், விக்ரோரியா பாலத்துக்குப் போகும் அகலமான வீதியில் மடலென் காரை ஓரங்கட்டச் சொன்னார். எதிரும் புதிருமாக வாகனங்கள் பறந்துகொண்டிருந்தன. இரண்டு பாதைகளுக்கும் நடுவே, இரும்பு வேலிக்குள், ஆள் உயரத்தையும் தாண்டிய ஒரு கருங்கல். அதில் ஆங்கிலத்தில் செதுக்கியிருந்தது: கப்பல் காய்ச்சலில் இறந்த ஆறாயிரம் குடியேறிகள். பாலம் கட்டிய தொழிலாளர்கள் மண்ணைத் தோண்டும்போது எலும்புகள் வந்தனவாம். அவற்றை இனி யாரும் குலைக்கக்கூடாது என்று அவர்களே இந்தக் கல்லை நிறுத்தினார்களாம். கல்லைச் சுற்றி மட்டுமல்ல, நாங்கள் நிற்கும் இந்தத் தாரின் கீழும் அவர்கள் கிடக்கிறார்கள் என்றார் மடலென். நான் என்னை அறியாமல் காலைத் தூக்கினேன். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சிவநேசன் அண்ணை காரின் கதவைப் பிடித்தபடி நின்றார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கில்தான் அவருக்கு வேலை.

“இருபத்தாறு வருசமா நான் இதாலைதான் போய் வாறன், தம்பி,” என்றார். “வீதிக்காரர் எடுக்காமல் விட்ட கல்லெண்டு நினைச்சிருந்தன்.”

ஷிவோன் வாகனங்களுக்கு இடையே நடந்துபோய் வேலிக்குள் பூங்கொத்தை வைத்தாள். அங்கேயே நின்று தகப்பனைத் தொலைபேசியில் அழைத்தாள். பார ஊர்தி ஒன்று கடந்தது. அவருக்குக் கேட்கவில்லை போலும். அவள் திரும்பவும், இம்முறை கத்திச் சொன்னாள்: “அவர்கள் செத்துப் போனார்கள், அப்பா. அந்தக் கோடையிலேயே. நான் அவர்களுக்கு மேலேதான் நிற்கிறேன்.”

அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவள் காதில் தொலைபேசியை வைத்தபடி அழுதுகொண்டு நின்றாள். மடலென் பக்கத்தில் போய் அவளுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டார், வீதிக்குள் தவறிவிடுவாள் என்று பயந்தவரைப் போல.

திங்கட்கிழமை இரவு விமானத்தில் எனக்கு நித்திரை வரவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தெரிந்த எல்லாக் குடும்பங்களிலும் இப்படி ஒருவர் உண்டு. வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டு வழியில் எங்கோ பேச்சு நின்றுபோனவர். அவன் எங்களை மறந்திட்டான் என்று கலியாண வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்வோம். அது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை.