கரிவண்டி ஓட்டிய சவரிமுத்து

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வார்டில் குழந்தைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். சாந்தோமிலிருந்து சவரிமுத்துவின் மருமகன் வந்து, உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றார். "மாமா விடியக்காலையில பூட்டாரு சிஸ்டர். உங்களுக்குச் சொல்லச் சொல்லி அத்தை அனுப்பிச்சாங்க" என்றார். கையிலிருந்த குழந்தையைத் துவட்டி முடித்த பிறகுதான் என்னால் ஏதும் கேட்க முடிந்தது.

மயிலாப்பூரில் எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியின் வேனைப் பதினோரு வருடம் ஓட்டியவர் அவர். டிரைவரும் அவரே, மெக்கானிக்கும் அவரே. இதை வாசிக்கும் உங்களில் பலருடைய மனைவியை அவர்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்திருப்பார். அதிகம் பேசமாட்டார். பேசினால் வண்டியைப் பற்றித்தான். "அதுக்கும் வாய் கீது சிஸ்டர், நாமதான் காது குடுக்கிறதில்ல" என்பார்.

யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும் வேனின் பின்னால் அடுப்புக்கரி எரிக்கும் பெரிய உருளை ஒன்றைப் பொருத்தினார்கள். கரியிலிருந்து வரும் வாயுவும் வெளிக்காற்றும் கலந்து இஞ்சினுக்குள் போகும். ஆனால் காற்று போகும் குழாய், கொதிக்கும் புகைக்குழாயை ஒட்டியே போயிற்று. காலையில் நன்றாக ஓடும் வண்டி வெயில் ஏறினால் இளைக்கும். சூடேறிய காற்றில் சத்து இல்லை, குழாயை மாற்ற வேண்டும் என்று அவர் இரண்டு தடவை மேலிடத்தில் சொன்னார். வண்டிதான் ஓடுகிறதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு சித்திரை மாத மத்தியானம் ஊரூர் குப்பத்திலிருந்து ஆள் வந்தது. முத்துமாரி என்ற பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை. நானும் வண்டியில் போனேன். அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, அடையாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி இரண்டு முறை இருமி நின்றுவிட்டது.

"சவரிண்ணே, சீக்கிரம்!" என்று கத்தினேன்.

"குழா கொதிக்குது சிஸ்டர், தொட முடியல."

குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் குழாயின் மேல் ஊற்றினார். வண்டி கிளம்பவில்லை. கூட வந்த மீனவர்கள் நாலு பேரும் அவருமாகத் தள்ளினார்கள். முத்துமாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா, நின்னுபோச்சா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மேட்டைத் தாண்டி, இறக்கத்தில்தான் இஞ்சின் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாடியைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். "கால் மணி முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம்" என்றார். யாரையும் குறைசொல்லி அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சவரிமுத்து நின்றிருந்தார். குழந்தையும் தங்கவில்லை.

மறுநாள் யாரிடமும் கேட்காமல் வேலையைத் தொடங்கினார். முதலில் ஈரச் சாக்கைப் புகைக்குழாயில் சுற்றினார். அது காய்ந்து புகைந்தது. களிமண் பூசினார். வண்டி குலுங்கியதில் அது உதிர்ந்தது. பிறகு ரயில் பட்டறையில் வேலை பார்த்த, அவருடைய கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவரிடம் கெஞ்சி, தீப்பிடிக்காத கல்நார்க் கயிறு வாங்கிவந்து இடைவெளி இல்லாமல் சுற்றினார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி இரண்டு குழாய்களுக்கும் நடுவில் மறைப்பாக நிறுத்தினார். காற்று இழுக்கும் வாயை முன்விளக்கின் பக்கம் திருப்பிவிட்டார். கையெல்லாம் கொப்புளம், நான்தான் மருந்து போட்டேன்.

"வாங்க சிஸ்டர், பாலம் வரிக்கும் போய்ட்டு வரலாம்" என்றார் ஒரு மத்தியானம். நல்ல வெயில். வண்டி நிற்காமல் ஏறிற்று. நான் சந்தோஷத்தில் கை தட்டினேன். அவர் மேட்டிலேயே நிறுத்தி இறங்கி, இஞ்சின் மூடியைத் திறந்து, காற்றுக் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்; சுடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். "ஒரு வார வேல சிஸ்டர். ஒரே வாரம்."

அதன் பிறகு வண்டி எந்த ஏற்றத்திலும் நின்றதில்லை. பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் புது வேன் வந்தது. பழையதைக் குழாயோடு சேர்த்து உடைசலுக்குப் போட்டார்கள். அதற்குள் தினம் தினம் கரி அள்ளியதில் அவர் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். படுத்தால் மூச்சு திணறியதால் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தேற்றுவதாக நினைத்து, "நீங்க சுத்தின குழாயால எத்தனை பேர் பிழைச்சாங்க, நினைச்சுப் பாருங்க சவரிண்ணே" என்றேன்.

"அவங்க பேருலாம் எனக்குத் தெரியாது சிஸ்டர். நல்லா இருக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ரெண்டு வாட்டி கேட்டுட்டு சும்மா இருந்துட்டேன். பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன், சாமியாரு மன்னிச்சாரு. மன்னிக்க வேண்டிய பொண்ணு இல்லியே."

சரிந்திருந்த தலையணையை அவர் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

அவரைப் பற்றி நான் வைத்துக்கொண்டிருப்பது ஆறுதல் தரும் ஒன்றல்ல. அந்த வண்டி மத்தியானங்களில் இளைப்பதை, அதில் ஏறி இறங்கிய நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவராவது இரண்டு தடவை போய்ச் சொன்னார். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. இந்தப் பழியில் பாதி என்னுடையது என்று அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனி முழுவதும் என்னுடையதுதான்.