அந்தத் திருகில் பூஜ்யம் இல்லை

எனக்குச் சிகரெட் பழக்கம் உண்டு. திருவொற்றியூரில் என் வீட்டில் யாருக்கும் தெரியாது.

வேப் என்கிற மின்சிகரெட் கருவியில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கலாம் என்று கேள்விப்பட்டேன். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி வாரத்துக்கு ஓர் எண் குறைத்தால் பழக்கத்தை விட்டுவிடலாம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். விற்கக் கூடாத பொருள் என்று தெரிந்தேதான் ராயபுரத்தில் ஒரு செல்போன் கடைக்குப் போனேன்.

"வூட்டுக்காரருக்குண்ணே. வோல்ட் மாத்துற மாதிரி, வெல கம்மியா."

கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து மூன்றை எடுத்து வைத்தார். ஒன்றில் பட்டன், ஒன்றில் திருகு, ஒன்றில் வெறும் விளக்கு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருப்பதில் மலிவான திருகுக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்களே மூன்றுக்கு மேல்தான் தொடங்கின.

"இதுல ஜீரோ எங்கண்ணே கீது?"

"ஜீரோ இன்னாத்துக்கு?"

"கொறச்சிகினே வந்து வுட்றதுக்கு."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நானும் அப்டி நென்ச்சிதாம்மா வாங்குனேன். இப்போ சிகரெட்டும் கீது, இதுவும் கீது. உனக்கு வோணாம்."

'உனக்கு' என்றதும் கருவியைச் சட்டென்று மேசையில் வைத்தேன். அதற்குள் வேறொருவர் கடைக்குள் நுழைந்தார். உடனே கடைக்காரர் சத்தமாகச் சொன்னார்: "உங்க வூட்டுக்காரருக்கு இது செட்டாவாதும்மா. நான் சொன்னேன்னு சொல்லு."

வியாபாரத்தையும் விட்டுக்கொடுத்து, என் பொய்யையும் அவர் ஏன் காப்பாற்றினார் என்று இன்றுவரை விளங்கவில்லை. சிகரெட்டை நான் இன்னும் விடவில்லை. ஆனால் அந்தக் கடை இருக்கும் தெருவில் மட்டும் பற்றவைக்க முடிவதில்லை.