வட்டுக்கோட்டைச் சுற்று: வீட்டில் சொல்லாமல் புறப்பட்ட 38 கிலோமீற்றர்

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் இந்தச் சுற்றுக்குப் போனேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தொடங்கி மானிப்பாய், சண்டிலிப்பாய், பண்டத்தரிப்பு, சித்தன்கேணி, வட்டுக்கோட்டை, அராலி என்று போய், யாழ்ப்பாண நகரத்துக்குள்ளால் வீடு திரும்பும் பாதை. ஏறக்குறைய 38 கிலோமீற்றர். மேடு பள்ளம் கிடையாது. ஆறுதலாக மிதித்தாலும் மூன்று மணித்தியாலம் போதும். எனக்கு ஐந்தேகால் எடுத்தது.

ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்திய வியாழக்கிழமை நான் வேலையை விட்டிருந்தேன். கட்டட நிறுவனமொன்றில் பதினொரு வருடம் கட்டட வரைபடம் வரைந்தவள். கொழும்புக் கிளைக்குப் பதவி உயர்வோடு மாற்றம் தந்தார்கள். என் கணவருக்கு அதில் பெரிய சந்தோஷம். சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லி, அங்கே வெள்ளவத்தையில் வீடு பார்க்கவும் தொடங்கிவிட்டார். எனக்குப் போக விருப்பமில்லை என்பதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, வெள்ளிக்கிழமை முழுவதும் வழமைபோல் வேலைக்குப் போகிறவள் மாதிரி வெளிக்கிட்டு நூலகத்தில் இருந்தேன். ஒரு பக்கமும் வாசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை 6.10க்கு, "மானிப்பாய் மட்டும் ஓடிப்போட்டு வாறன்" என்று சொல்லி சைக்கிளை எடுத்தேன்.

மானிப்பாய் ஏழு கிலோமீற்றர். கொக்குவில் பக்கம் விடிகாலையிலேயே பஸ்கள் உரசிக்கொண்டு வரும், கவனம். 6.45க்கு மானிப்பாயில் ஒரு பிளேன்ரீயும் இரண்டு உளுந்து வடையும், 180 ரூபாய். திரும்ப வேண்டிய இடம் அதுதான். ஆனால் வடையைப் பாதியில் வைத்துவிட்டு நேரே மிதித்தேன். பண்டத்தரிப்புக்கு 7.40க்கு வந்து சேர்ந்தேன். அங்கே ஒரு மதகில் குந்தியிருந்து, போனில் கணவரின் இலக்கத்தை மூன்று தரம் எடுத்துப் பார்த்தேன். அழைக்கவில்லை. இருக்கவும் முடியவில்லை. பிறகு அரை மணித்தியாலம் ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள் காரணமில்லாமல் சுற்றினேன். பனங்கூடல், வேலி, வேலிக்குப் பின்னால் குரைக்கும் நாய், திரும்பவும் பனங்கூடல். நாய்கள் துரத்தினால் மிதிப்பதை நிறுத்திவிட்டு இறங்கி நில்லுங்கள். பெரும்பாலும் அவையும் நின்றுவிடும்.

சித்தன்கேணி தாண்டி வட்டுக்கோட்டைப் பக்கம் உள்வீதியில் திரும்பியபோது 8.25. வீதியின் பாதியில் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். மாசியில் இந்தப் பக்கம் வருபவர்கள் இதை எதிர்பார்க்க வேண்டும். நெல்லின் மேல் சைக்கிளை விடாதீர்கள். நான் ஓரமாக இறங்கி உருட்டிக்கொண்டு போனேன்.

வடகிழக்கில் வானம் கறுத்திருந்ததை அப்போதுதான் கண்டேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தனியாக நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். இரண்டு மோட்டார் சைக்கிள்கள் அவரை விலத்திக்கொண்டு போயின.

"பிள்ளை, அந்தச் சாக்கை ஒருக்காப் பிடியும்!" என்றார். என்னைத்தான்.

சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு ஓடினேன். அவரின் கணவர் நெல் மூட்டை ஏற்ற லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் கொண்டுவரப் போயிருக்கிறாராம். மழை பெய்யும் என்று யார் நினைத்தது? அந்தப் பெண் பனையோலைக் கடகத்தால் அள்ளிப் போட, நான் சாக்கு வாயைப் பிடித்தேன். பிறகு நான் அள்ள, அவர் கட்டினார். நெல்லுச் சுணை கழுத்தெல்லாம் கடித்தது. ஒன்பதாவது சாக்கில் முதல் துளி விழுந்தது. பதினொன்று கட்டி, பக்கத்து வீட்டு விறாந்தைக்கு இழுத்து முடித்தபோது மழை கொட்டியது. மிச்சம் இரண்டு சாக்கு நெல்லாவது இருக்கும். படங்கை மடித்து மூடினோம். ஆனாலும் நனைந்துவிட்டது.

"உது இனி அவிச்சுத்தான் எடுக்கோணும்," என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்கை வேலை, பிள்ளை?"

"விட்டிட்டன் அக்கா. முந்தநாள்."

"உம்மடை அவர் என்ன சொன்னவர்?"

"அவருக்கு இன்னும் சொல்லேல்லை."

"அப்ப முதல் எனக்கோ சொல்லுறீர்?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல ஆள் நீர். போனைக் கொண்டந்தனீரெல்லோ?"

மழை விடும்வரை காத்திருந்த அந்த விறாந்தையில் இருந்துதான் கணவரை அழைத்தேன்.

"நான் வியாழக்கிழமை வேலையை விட்டிட்டன்."

"விட்டிட்டீரோ, விடப்போறீரோ?"

"கடிதம் குடுத்தாச்சு."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

"கேட்டா போகச் சொல்லுவியள்."

"ஓம், சொல்லியிருப்பன். அதுக்காகக் கேக்காமல் விடுறதோ?"

போனை வைத்துவிட்டார்.

9.40க்குப் புறப்பட்டேன். அராலி தாண்டி கல்லுண்டாய் வெளிக்கு வந்தால் நிழல் என்று ஒன்றும் இல்லை. திறந்த வெளி, உப்புத் தரை, எதிர்க்காற்று. மணித்தியாலத்துக்குப் பத்துக் கிலோமீற்றர்தான் ஓட முடிந்தது. காற்றோடு சண்டை பிடித்து வீட்டை நோக்கி மிதித்தேன். ஆனால் வீடு வந்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

11.25க்கு வந்தபோது அவர் படலை வாசலில் நின்றார். முகம் இறுகியிருந்தது. என் தலைமயிரில் இருந்து எதையோ எடுத்துப் பார்த்தார்.

"இதென்ன?"

"நெல்லு."

"வேலையை விட்டிட்டு நெல்லு அள்ளவோ போனனீர்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் சைக்கிளை வாங்கி உள்ளே கொண்டுபோனார். அதற்குப் பிறகு இரண்டு நாள் நிறையக் கதைத்தோம், சத்தம் போட்டும் கதைத்தோம். கொழும்புப் பயணம் இல்லை என்று சொந்தக்காரருக்குச் சொல்லும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். இப்போது வீட்டில் இருந்தே இரண்டு பேருக்கு வீட்டுப் படம் வரைகிறேன். அவருக்கு மனவருத்தம் முழுக்கப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு: விடிய ஆறு மணிக்கு முன் புறப்படுங்கள். இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும், அராலிக்குப் பிறகு கடை குறைவு. மாசியில் போனால் இந்தச் சுற்றை எதிர்ப்பக்கமாக ஓடுங்கள். கல்லுண்டாயில் காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். மேலதிக ரியூப் ஒன்றும் காற்றடிக்கும் பம்பும் கட்டாயம்.

இன்னொன்று. சொல்ல வேண்டியதை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். சண்டிலிப்பாயில் பார்க்க என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த ஊரை முழுக்கக் கடந்து போயிருக்கிறேன், நல்ல வெளிச்சத்தில். எனக்கு ஒரு மரம்கூட நினைவில் இல்லை.