என் இடது கணுக்கால்

புளியையும் கல்லுப்பையும் சேர்த்துக் காய்ச்சும் வாடை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வரும். எட்டாம் வகுப்பு படித்த அந்த மழைக்காலத்தில், நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸின் முன்னறையில், வீங்கிய இடது காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு அந்த வாடைக்குள்ளேயே கிடந்தேன்.

அதற்கு முன் நான் ஓடிக்கொண்டிருந்தவள். பள்ளியின் கோ-கோ அணியில், எதிரணியில் யாரையும் தொட முடியாமல் திணறும்போது என்னைத்தான் எழுப்பிவிடுவார்கள். கடலூரில் நடக்கவிருந்த மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி செய்த ஒரு மாலை, ஈரத்தரையில் கம்பத்தைப் பிடித்துத் திரும்பிய வேகத்தில் பாதம் உள்பக்கமாக மடங்கி, அதன் மேலேயே விழுந்தேன். மறுநாள் காலையில் கணுக்கால் எலும்பு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. தோல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) என்னை எழுப்பி, கதவுவரை நடக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

"நடக்குறா இல்ல? அப்ப எலும்புக்கு ஒண்ணும் ஆகல. வெறும் சுளுக்கு" என்றார்.

"எக்ஸ்ரே எடுத்துப் பாக்கச் சொல்லி பி.டி. டீச்சர் சொன்னாங்களாம்ங்க" என்று அம்மா இழுத்தாள்.

"சுளுக்குக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா? சிரிப்பாங்க."

ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். சைக்கிளிலேயே போய்விடலாம். அத்தா கல்நெஞ்சக்காரரும் அல்லர். எனக்குக் காய்ச்சல் என்றால் சோறு இறங்காது அவருக்கு. தன் மொபெட்டில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் அன்று மாலையே மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்துவார். மகளின் கணுக்கால் மட்டும் எப்படி அவர் கண்ணில் படாமல் போயிற்று என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் குடியிருப்பு வட்டத்தில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். அவரவர் ஊர் வைத்தியம் அத்தனையும் என் காலுக்கு வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி அத்தை உளுந்துமாவில் முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்து "பத்து" போட்டார். எதிர்வீட்டுச் சேலத்து அக்கா நல்லெண்ணெய் விட்டு, நான் கதறக் கதற உருவிவிட்டார். எல்லோருக்கும் அன்பு இருந்தது, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வீக்கம் வடியாததைப் பார்த்து, கடைசியில் அத்தா என்னைக் குள்ளஞ்சாவடியில் சுளுக்கு எடுப்பவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"நரம்பு பிசகிகினு இருக்குதுங்க பாய், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் பாதத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். "சடக்" என்றது. நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "கேட்டீங்களா, உக்காந்துடுச்சி" என்றார் அவர். அத்தா நிம்மதியாகத் தலையாட்டினார்.

வலி கொஞ்சம் அடங்கியதும் கடலூருக்குப் போனேன். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே அதே கால் துணி மாதிரி மடங்கியது. தோற்றுத் திரும்பிய பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பிறகு சமதரையிலேயே மடங்கத் தொடங்கியது. பிள்ளைகள் "மடக்குக் குடை" என்று பெயர் வைத்தார்கள். அத்தாவோ ஒவ்வொரு முறையும், "கீழ பாத்து நடக்கத் தெரியாதா?" என்று என்னையே திட்டினார். நானும் குறை என் நடையில்தான் என்று நெடுங்காலம் நம்பினேன்.

கல்யாணமாகி, கைக்குழந்தையோடு படியில் விழுந்தபோதுதான் முதன்முதலாக ஓர் எலும்பு டாக்டரிடம் காலைக் காட்டினேன். "எலும்புல சின்னதா ஒரு துண்டு பேந்து தப்பா ஒட்டியிருக்கு. தசைநாரும் கிழிஞ்சு அப்படியே தொய்ஞ்சு போச்சு. உடைஞ்சாலும் சிலர் நடப்பாங்கம்மா, நடக்குறத வச்சு முடிவு பண்ணக் கூடாது. அன்னைக்கே கட்டுப் போட்டு, அப்புறம் ஒழுங்கா பயிற்சி குடுத்திருந்தா ஓடியிருப்பீங்க. ஏன் காட்டல?" என்று அந்த அம்மாள் கேட்டார். 

அத்தா இப்போது என்னோடுதான் இருக்கிறார். போன மாதம் கடைவீதியில் படி இறங்கும்போது கால் பிசகிவிட்டது. விழுந்த இடத்திலிருந்தே போன் செய்தார்: "ஒடனே வாம்மா, எக்ஸ்ரே எடுத்துடலாம்."

கூட்டிக்கொண்டு போனேன். எலும்பில் ஒன்றுமில்லை. ஐஸ் வைத்து, கட்டுக் கட்டி, காலை உயர்த்தி வைத்து, வீக்கம் குறைந்ததும் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். ஒரு நாள் தவறாமல் போனார். வீட்டிலும் கட்டிலில் உட்கார்ந்து, கட்டைவிரலால் காற்றில் அ, ஆ எழுதிப் பழகினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள் என்னால் அடக்க முடியவில்லை.

"எனக்கு ஏன்த்தா அப்ப எக்ஸ்ரே எடுக்கல?"

எழுதுவதை நிறுத்தாமலே, "நீதான் அப்ப நடந்தியேம்மா" என்றார்.

அன்பாய்ப் பத்து போட்டவர்கள் எல்லோரும் ஓய்வுபெற்று அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தக் குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கிறது. என்னோடு ஆடியவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ. இன்று காலை அத்தாவும் நானும் நடக்கப் போனோம். இரண்டாவது திருப்பத்திலேயே எனக்குக் கால் கடுத்து, சாலையோரச் சிமெண்ட் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தா திரும்பிப் பார்க்காமல், கையை வீசிக்கொண்டு, வேகமாக முன்னால் போய்க்கொண்டிருந்தார்.