முதலாளிக்கு நான் சொன்ன வண்டி

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன்பிறகு நான் எழுதியதெல்லாம் காரின் கிலோமீட்டர் நோட்டில் தேதியும் ஊர்ப் பெயரும்தான். இப்படிப்பட்டவன் பிறர் படிக்கும்படி எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் வற்றல் மிளகாயும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரிடம் பத்தொன்பது வருடமாக டிரைவராக இருக்கிறேன். அவருக்கும் எனக்கும் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அவர் பின்னால் இடது பக்கம் உட்காருவார், நான் ஓட்டுவேன். அவர் கேட்டால் பதில் சொல்வேன். கேட்காவிட்டால், ஊருக்குப் போகும் வழியில் களியக்காவிளை வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அது அவருக்கும் பிடித்திருந்தது.

அறுபத்தொன்று நடக்கும்போது அவருக்கு ஓர் ஆசை வந்தது. இரண்டே கதவு உள்ள ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும். கூபே என்று அதற்குப் பெயர். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஏழு பேர் ஏறும் வண்டி வாசலில் நிற்கும்போது இது எதற்கு என்று அவர் மனைவி கேட்டார்.

"அதுக்குத்தான்," என்றார் முதலாளி. "நான் எங்கயாவது பொறப்பட்டா நீங்க ஏழு பேரும் ஏறுகியோ. மடியில ஒரு எண்ணெய் டின்னையும் வச்சிட்டுத் தாறியோ. யாரும் ஏற முடியாத ஒரு வண்டி எனக்கு வேணும்."

அவருடைய மருமகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவர், கார் பைத்தியம். பழைய ஆடம்பரக் கார்களை வாங்கி விற்கும் ஒரு கடையில் இரண்டு கூபேக்களை அவர் பார்த்து வைத்திருந்தார். ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல். இரண்டும் வெளிநாட்டுக் கம்பெனி வண்டிகள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

கடைக்குப் புறப்பட்ட சனிக்கிழமை காலை, நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மருமகன் வந்து பக்கத்தில் நின்றார்.

"அண்ணா, கூபேன்னா ஓனர் தானே ஓட்டுற வண்டி, கேட்டோ. டிரைவர் வச்சு ஓட்டினா ஆளுங்க சிரிப்பாங்க. இனி அண்ணனுக்கு ரெஸ்ட்தான்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அந்தத் துணியைப் பிழியக் கை வரவில்லை. என் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். நாற்பத்தொன்பது வயதில், பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு, பேசவும் தெரியாத நான் யாரிடம் போய் வேலை கேட்பேன்?

கடையில் முதலில் சிவப்பு வண்டியைக் காட்டினார்கள். விற்பனைக்கார இளைஞன் கதவைத் திறந்தான். கதவு என் கை நீளத்துக்கு இரண்டு மடங்கு நீளம். அப்போது நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் பழக்கத்தில், அவர் பின்னால் ஏற வழியாக முன் சீட்டைச் சாய்த்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். முதலாளியும் பழக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, பின்னால் இடது பக்கம் நுழைந்துவிட்டார். ஒரு குழந்தை உட்காரும் இடம் அது. முழங்கால் மோவாயில் இடிக்க, தலை கூரையில் முட்ட, முதலாளி உள்ளே மாட்டிக்கொண்டார்.

"ஐயோ சாரே, அது பிள்ளேர்க்குள்ள சீட்டாணு," என்றான் விற்பனைக்காரன்.

மருமகன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காம என்னைய வெளிய எடுடே," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. என்னிடம்தான் சொன்னார். இரண்டு கையையும் கொடுத்து இழுத்தேன். வெளியே வந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காதவர் போல, "சரி, ஓட்டிப் பாக்கலாம்," என்றார்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது என்று பேச்சு வந்தது. பைபாஸில் பத்து நிமிடம் போதும் என்றான் விற்பனைக்காரன். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நேரான ரோட்டில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் போகும், மலையில்தான் குணம் தெரியும். "பொன்முடி," என்றேன். ஒரு சொல்தான். அவர் தலையை ஆட்டினார். எங்கள் பெரிய வண்டி அவர்கள் வாசலிலேயே நின்றதால் கடைக்காரர்களுக்கும் பயமில்லை.

சிவப்பில் நானும் முதலாளியும், சாம்பலில் மருமகனும் விற்பனைக்காரனுமாகக் கிளம்பி நெடுமங்காடு, வித்துரா வழியாகக் கல்லாறு போய்ச் சேர்ந்தோம். அங்கே ஆற்றோரத்து டீக்கடையில் நான் என் யோசனையைச் சொன்னேன். மேலே போகும் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவிலும் முதலில் ஒரு வண்டி ஏறி இறங்க வேண்டும், பிறகு மற்றது. இரண்டிலும் ஓட்டுவது நான், பக்கத்தில் முதலாளி. வேறு யாரும் வேண்டாம். வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

"அண்ணன் ஒரு டாங்க் பெட்ரோல் தீத்துட்டுத்தான் விடுவாரு," என்றார் மருமகன்.

"கெடக்கட்டும்," என்றார் முதலாளி. "வத்தல் மூட்டைய மேல மட்டும் பாத்தா வாங்குகேன்? நடுவுலயும் அடியிலயும் குத்திப் பாக்கண்டாமா?"

சிவப்பு ஏறிய ஏற்றத்தை எப்படிச் சொல்வது? காலை லேசாக வைத்தால் போதும், மலை நம்மை நோக்கி ஓடி வந்தது. சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. பத்தொன்பது வருடமாக ஏழு பேரையும் எண்ணெய் டின்னையும் இழுத்தவனுக்கு இப்படி ஒரு வண்டி கிடைத்தால் எப்படி இருக்கும்! ஆனால் வளைவில் மெதுவாகத் திருப்பும்போது அது முரண்டு பிடித்தது. விட்டால் பாயும், பிடித்தால் குலுங்கும். முன் கண்ணாடியின் ஓரத்துத் தூண் பருமனாக இருந்ததால், எதிரே இறங்கும் பஸ் கடைசி நிமிடத்தில்தான் தெரிந்தது. ஸ்டியரிங்கை விடாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

நான் கவனித்தது வண்டியை மட்டும் அல்ல. முதலாளியை எனக்குத் தெரியும். மனம் நிம்மதியாக இருந்தால் அவர் வற்றல் விலையைப் பேசுவார். குண்டூரில் என்ன விலை, யார் கையில் சரக்கு இருக்கிறது, யார் பொய் சொல்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வருவார். பயம் வந்தால் வாய் மூடிவிடும். சிவப்பில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

கல்லாறு திரும்பி, சாம்பல் வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் மலையடிவாரத்துச் செக்போஸ்ட்டுக்குப் போனபோது காவலர் எட்டிப் பார்த்தார்.

"எந்தா சேட்டா, மேலே வல்லதும் மறந்தோ?"

மேலே எதையாவது மறந்து வைத்தீர்களா என்று கேட்கிறார். "கொஞ்சம் காத்து மறந்து போச்சு," என்றார் முதலாளி.

சாம்பல் வண்டியும் வேகத்தில் குறைந்தது அல்ல. ஆனால் அது பாயவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. வளைவுக்கு முன்னால் காலை எடுத்தால் அதுவாகவே அடங்கியது. ஸ்டியரிங் இரண்டு விரலுக்குக் கட்டுப்பட்டது. கண்ணாடி வழியாக ரோடு முழுவதும் தெரிந்தது. ஏழாவது வளைவில் முதலாளியின் கால் ஓய்ந்துவிட்டதைப் பார்த்தேன். பன்னிரண்டாவது வளைவில் அவர் பேச ஆரம்பித்தார்.

"அந்த விருதுநகர்க்காரன் ஸ்டாக் இல்லன்னு சொல்லுகான் பாத்தியா, சுத்தப் பொய்."

அந்த நிமிடம் எனக்கு விடை தெரிந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இந்த வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். இளவயதில் சரக்கு வேன் ஓட்டிய முதலாளி ஒரு மாதத்தில் பழகிக்கொள்வார். சிவப்பை வாங்கினால் அதை ஓட்ட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். அந்த ஆள் நான்தான். இறங்கும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சிவப்பு என்று சொன்னால் பொய் என்று கண்டுபிடிக்க அங்கே யாரும் இல்லை. மருமகனுக்கும் சிவப்புதான் வேண்டும்.

கல்லாற்றில் இறங்கியதும் முதலாளி கேட்டார். "எது?"

"செவப்புதான் மாமா. சவுண்டு கேட்டீங்களா?" என்றார் மருமகன்.

"உங்ககிட்ட கேக்கல மாப்ள. நீ சொல்லுடே."

ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "சாம்பல் மொதலாளி."

"ஏன்?"

"அதுல நீங்க பன்னெண்டாவது வளைவுல வத்தல் வெல பேசினியோ. செவப்புல ஒரு வார்த்த பேசல்ல."

விற்பனைக்காரன் மருமகனைப் பார்த்தான். நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொடங்கியதைப் பாதியில் விட முடியவில்லை. "சாம்பல நீங்களே ஓட்டலாம். பயப்படாண்டாம். செவப்பு ஓட்ட ஆளு வேணும்."

முதலாளி என் பக்கம் வந்து நின்றார். "அப்போ நீ ஒனக்கு வேல இல்லாத வண்டியப் பாத்துச் சொல்லுகியா?" என்றார்.

"ஆமா மொதலாளி." அதற்குமேல் என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதிது. பத்தொன்பது வருடத்தில் அவரிடம் நானாக எதுவும் கேட்டதில்லை. "ஆனா எனக்கு வேல வேணும். எனக்கு இது மட்டும்தான் தெரியும். நல்லாத் தெரியும்."

காது சூடாகிவிட்டது. ஆனால் தலை குனியவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன்.

"நீ மண்டனாடே, புத்தி இல்லியா?" என்றார் முதலாளி. "அந்தக் கதவோட நீளத்தப் பாத்தியா? ஆரியசாலைக்குள்ள அதத் தொறக்கணும்னா எதுத்த கடை மல்லி மூட்டைய நீக்கி வைக்கணும். திங்கள் தொட்டு சனி வரைக்கும் நீயும் பழைய வண்டியும் இல்லாம எனக்குக் கட நடக்குமா? ஞாயித்துக்கிழம நானும் இதுவும். அதுலயும் ஆறு மாசம் நீ பக்கத்துல இருக்கணும், எனக்குப் பழக்கித் தர." பிறகு மருமகன் பக்கம் திரும்பினார். "டிரைவருக்கு ரெஸ்ட்டுன்னு யாரோ சொன்னதாட்டு கேட்டேன்."

மருமகன் கழுத்தைச் சொறிந்தார். "அண்ணனுக்கு வாயும் உண்டு, அல்லே," என்றார். தோளில் ஒரு தட்டும் தட்டினார்.

சாம்பல் வண்டியை வித்துரா வரைக்கும் தானே ஓட்டிப் பார்க்கலாமா என்று முதலாளி விற்பனைக்காரனிடம் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். "ஓட்டுவாரு, நான் இருக்கேன்," என்றேன். இதையும் நான்தான் சொன்னேன். முதலாளி செருப்பைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வலது பக்கம் உட்கார்ந்தார். நான் இடது பக்கம். இத்தனை வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் போகும் வண்டியில் நான் ஓட்டாமல் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"கால அமுக்காண்டாம் மொதலாளி, வச்சா போதும். அங்கோடி ஒரு ஆட்டோ வருது. ஆங், அப்படித்தான். ஹார்ன் வேண்டாம்."

அவர் நான் சொன்னதையெல்லாம் செய்தார். வித்துரா சந்தை முக்கில் பழக்கடைக்காரர்களும் பஸ்ஸுக்கு நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, கையை வெளியே தெரிகிற மாதிரி கதவின் மேல் வைத்துக்கொண்டேன். யார் பார்த்தாலும் கையை எடுப்பதாக இல்லை. அந்த முக்கில் வண்டி நின்று நின்று போன மூன்று நிமிடத்தில் நான் ராஜாவாக இருந்தேன். முதலாளியும் பக்கத்தில் சிரித்துக்கொண்டே ஓட்டினார். சந்தையைத் தாண்டியதும் விருதுநகர்க்காரனைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதலாளியும் மருமகனும் கடைக்குப் போய்ச் சாம்பல் வண்டிக்கு முன்பணம் கொடுத்தார்கள். ஞாயிறு எனக்கு லீவு, புது வண்டி வந்தபிறகு ஆறு மாதம் அது இருக்காது. வீட்டில் இருந்தேன். மத்தியானம் மழை பெய்தது.