பருப்பு வேகாத மனை

வீட்டுமனை வாங்குமுன் பத்திரம் படித்தேன், வில்லங்கம் பார்த்தேன், நிலவியல் புத்தகம்கூட ஒன்று வாசித்தேன். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு கை துவரம்பருப்பை மட்டும் வேகவைத்துப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் கைநாட்டு வைப்பவர்கூட அதைச் செய்யாமல் மனைக்கு முன்பணம் கொடுக்க மாட்டார்.

திருச்சுழி சாலையில், ஊரை விட்டுத் தள்ளி, சுற்றிலும் சீமைக் கருவேலம். இவ்வளவு இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. அமைதி என்று நினைத்துக்கொண்டேன். போர் போட்டதும் தண்ணீர் பீறிட்டது. ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

பால் காய்ச்சிய மறுநாள் குக்கர் பன்னிரண்டு விசில் அடித்தது. மனைவி ஒரு பருப்பை எடுத்து நசுக்கினாள். நசுங்கவில்லை.

"வீடு நல்லாத்தாங்க இருக்கு. மனுசந்தான் இருக்க முடியாது" என்றாள்.

அதன்பின் லாரித் தண்ணீரில்தான் சமையல். போன கோடையில் ஒன்பது நாள் லாரி வரவில்லை. பத்தாம் நாள் அவள் பாளையம்பட்டியில் வாடகை வீடு பார்த்துவிட்டாள். ஆசையாகக் கட்டிய வீட்டுக்கு நான் வாரம் ஒருமுறை பூட்டைத் திறந்து ஒட்டடை அடிக்கப் போகிறேன். வாங்க ஆளில்லை.

சென்ற வாரம் பஸ் ஸ்டாண்டில் மனையை விற்றவரைப் பிடித்துக்கொண்டேன். "உப்புத் தண்ணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"நல்ல தண்ணி கெடந்தா எங்க அய்யாவே அங்கன வீடு கட்டியிருப்பாகல்ல சார்? படிச்சவுக, அது தெரிஞ்சுதான் மனைய வெலைக்குக் கேக்குறீகன்னு நெனச்சேன்."