மெடிக்கல் சைடு

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி, ‘மெக்கானிக்கலா, எலெக்ட்ரிக்கலா?’ என்பதுதான். கொஞ்சம் துணிந்தவர்களுக்கு மைனிங். இங்கே படிப்பின் பெயரைச் சொன்னால் ஏதோ ஒரு வேலையின் பெயராகத்தான் காதில் விழும். நான் பி.ஏ. மகளிரியல் சேர்ந்திருக்கிறேன் என்றதும் எங்கள் பிளாக் மாமா ஒருவர் நிஜமான அக்கறையோடு கேட்டார்: “அதுக்கு இங்க என்ன போஸ்ட்மா இருக்கு?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மாமாவை விட்டுவிடலாம். என் அப்பாவை எப்படி விடுவது? தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆனவர். யூனியன் கூட்டத்தில் பெண்ணுரிமை பற்றி யாராவது பேசினால் முதல் கைதட்டல் அவருடையது. அப்படிப்பட்டவருக்கு ஷிஃப்ட் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் “பொண்ணு என்ன படிக்குது?” என்று கேட்டபோது வாய் கூசியிருக்கிறது. “லேடீஸ் சம்பந்தமான படிப்பு, மெடிக்கல் சைடு மாதிரி” என்று சொல்லிவைத்துவிட்டார். ஒரு பஸ்ஸில் சொன்னது மூன்று ஷிஃப்டுக்கும் பரவ ஒரு வாரம் போதும்.

விளைவு, நான் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் வீட்டு வாசலில் பெண்கள். கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் மருந்துச் சீட்டு. ஒருத்திக்கு இடுப்பு வலி, ஒருத்தியின் மகளுக்கு மூன்று மாதமாகத் தீட்டு வரவில்லை. மகளிரியல் என்றால் மகளிர் மருத்துவம் என்று முடிவே கட்டிவிட்டார்கள். முதலில் சிரித்துக்கொண்டே திருத்தினேன். பிறகு பொறுமையாக விளக்கினேன். வேலை, சொத்து, சட்டம், குடும்பத்தில் முடிவெடுப்பது யார், இதையெல்லாம் பெண்கள் பக்கமிருந்து பார்க்கிற படிப்பு என்று. எதிரே உட்கார்ந்திருந்த அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “அது சரிம்மா, இந்த மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?” என்றார்.

அப்பாவிடம் சண்டை போட்டேன். “ஏன்ப்பா பொய் சொன்னீங்க?”

“நான் மெடிக்கல்னா சொன்னேன்? மெடிக்கல் சைடு மாதிரின்னுதான சொன்னேன்” என்றார். அந்த ‘மாதிரி’யில் தப்பித்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் ஒரு வார லீவு வந்தது. அதில் ஒரு பிற்பகல். சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும். மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டு அக்கா வந்தார். குறிஞ்சிப்பாடியில் நெசவுக் குடும்பத்துப் பெண். இன்னும் நாற்பது ஆகவில்லை. அவர் வீட்டுக்காரர் அனல் மின் நிலையத்தில் பல வருடம் காண்ட்ராக்ட்டில் கிடந்து, சமீபத்தில்தான் பெர்மனென்ட் ஆனவர். அக்காவின் கையில் ஸ்கேன் கவர் இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு முகம் சுண்டிவிட்டது.

“பாப்பா, ஒரு நிமிசம்” என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நாலு மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை, கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லியிருக்கிறார்கள். வெளியே ஒரு தனியார் கிளினிக்கில் காட்டியிருக்கிறார். ஆறு மாதம் மாத்திரை போட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர் இரண்டு வழி சொன்னாராம்.

“மாத்திர போட்டுக்கினு பாக்கலாம்னுதான் எனக்கு. எங்கம்மாவுக்கு எடுத்தப்புறம் ஆளே மாறிப்போச்சி, அந்த பயம். இவரு கேக்கமாட்றாரு. மாசாமாசம் காண்ட்ராக்ட் மாதிரி எதுக்கு இழுத்துக்கினு, பெர்மனென்ட்டா முடிச்சிடலாம்ன்றாரு. அடுத்த வாரம் அவருக்கு லீவு சேந்தாப்ல வருதாம். அத வுட்டா நைட் ஷிஃப்ட் வந்துடும்னு, அந்த வாரமே தேதி கேட்டுக்கினு வந்துட்டாரு.”

நான் திரையில் ஒரு வரியைத் திருத்திக்கொண்டே கேட்டேன். கவரை வாங்கக்கூட இல்லை.

“நான் வேணாம்னு சொன்னா எடுக்கமாட்டாங்க இல்ல பாப்பா?”

“அக்கா, எத்தன தடவதான் சொல்றது? நான் டாக்டருக்குப் படிக்கல. இது என் சப்ஜெக்டே இல்ல. டாக்டர்கிட்டயே கேளுங்க.”

“சரி பாப்பா, நீ படி” என்று கவரை மடியில் வைத்து நீவிக்கொண்டார். பிறகு எழுந்து படியிறங்கிப் போனார். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கட்டுரையை அனுப்பினேன்.

என் சப்ஜெக்டே இல்லையாம். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அன்றைக்கு நான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை எதைப் பற்றியது தெரியுமா? பெண்ணின் உடல்மீது முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதைப் பற்றி. சுயநினைவோடு இருக்கிற, வயதுவந்த ஒரு பெண்ணுக்கு அறுவை செய்ய அவளுடைய சம்மதம்தான் வேண்டும், கணவனின் கையெழுத்து அதற்கு ஈடாகாது என்று அதில் இரண்டாவது பக்கத்தில் எழுதியிருந்தேன். அக்கா கையில் ஸ்கேன் கவர் இருந்ததால் கேள்வியும் ஸ்கேனைப் பற்றியது என்று நினைத்துவிட்டேன். கட்டி எத்தனை பெரிது என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு அந்த பிளாக்கிலேயே பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மெடிக்கல் சைடு என்று நம்பி வந்தவர் சரியான இடத்துக்குத்தான் வந்திருந்தார். கட்டுரைக்குப் பேராசிரியர் ‘மிக நன்று’ என்று எழுதிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து அம்மா போனில் சொன்னாள்: “கீழ் வீட்டு அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு.” யாருக்கு நல்லபடியாக என்று கத்தினேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதுவரை அப்பா மேல் இருந்த கோபமெல்லாம் அன்றைக்கு என் பக்கம் திரும்பியது. அக்காவின் வீட்டுக்காரர் மேல் இருந்தது மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்த லீவில் அக்காவைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். கையில் கரண்டி. குடிக்காதவர், கை நீட்டாதவர், லீவு போட்டு ரசம் வைத்துக் கொடுக்கிறவர். தங்கமான மனுசன் என்று பிளாக் முழுக்கப் பேச்சு. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். “இனிமே பெர்மனென்ட்டா தொல்ல இல்லம்மா” என்று என்னிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் வெளுத்து, கை மெலிந்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். “அக்கா, அன்னிக்கு நீங்க கேட்டீங்கல்ல, வேணாம்னு சொன்னா எடுக்கமாட்டாங்களான்னு. எடுக்கக் கூடாதுக்கா. நீங்க ஒத்துக்கலன்னா அவங்க தொடவே கூடாது. எனக்கு அது தெரியும். அன்னிக்கே தெரியும்.”

“அப்பிடியா” என்றார். போர்வையின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டார். என்மேல் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஃபாரத்த நீட்டினாங்க பாப்பா. கையெழுத்து நான் போடறேன்னு இவருதான் முன்னாடி போயி நின்னாரு. சட்டப் பாக்கெட்ல பேனா இல்ல, என்னைத்தான் கேட்டாரு. என் பையில இருந்துது, எடுத்துக் குடுத்தேன். அப்புறம் எனக்கும் கீழ ஒரு எடம் காட்டினாங்க, போட்டேன். நீ டாக்டர்கிட்டயே கேளுன்னு சொன்னல்ல, அந்த நேரத்துல ஞாபகம் வந்துது. கேக்கலாம்னு வாயக் கூட தெறந்தேன். அந்த டாக்டரம்மா இவரு மூஞ்சியப் பாத்துதான் பேசிக்கினு இருந்தாங்க.”